பழைய டிராயிங்கை வைத்து அளந்த படம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "தரக்கட்டுப்பாடு பற்றி ஏதாவது பேசுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். "ஒரு சினிமாவைப் பற்றிப் பேசுகிறேன் சார், தரக்கட்டுப்பாடு அதற்குள்ளேயே வந்துவிடும்" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "மேடையில பேசற மாதிரிப் படம்தானே?" என்று கேட்டார். "குழந்தைகள் படம் சார்" என்றதும் நிம்மதியாகச் சம்மதித்துவிட்டார். அந்தப் படம் வெளியானபோது குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது என்று ஊரே திட்டிய படம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். மன்னிக்கவும் சார்.

படத்தின் பெயர் 'ரிட்டர்ன் டு ஓஸ்'. 1985 ஜூன் 21-ல் அமெரிக்காவில் வெளியானது. தயாரிப்பு வால்ட் டிஸ்னி நிறுவனம். செலவு ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் டாலர். அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலானது சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர். கணக்கு உங்களுக்கே புரியும். பத்திரிகை விமர்சகர்களில் பலர் சொன்னது இதுதான்: படம் இருட்டாக இருக்கிறது, பயமுறுத்துகிறது, குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பதைத்தான் இன்றைக்கு உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறேன். எனக்கு இது வெறும் சினிமாக் கேள்வி இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இதை முதன்முதலில் பார்த்தது நம் ஹாஸ்டலில்தான். மூன்றாம் வருடம். சினிமாப் பைத்தியம் பிடித்த ஒரு சீனியர் இருந்தார். "டேய், 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு சவுண்ட் செஞ்ச ஆளு குழந்தைகளுக்கு ஒரு படம் எடுத்திருக்காருடா, வாங்கடா" என்று ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பினார். கம்ப்யூட்டர் முன்னால் ஐந்து பேர், கட்டிலில் மூன்று, தரையில் இரண்டு. கையிலும் காலிலும் சக்கரம் வைத்துக்கொண்டு கீச்கீச்சென்று துரத்தும் 'வீலர்'களைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் ஒரு ராணி கண்ணாடி அலமாரிகளில் வரிசையாகத் தலைகளை வைத்துக்கொண்டு, புடவை மாற்றுவதுபோல் தலையை மாற்றிக்கொள்ளும் இடம் வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. இருபது வயதுத் தடியர்கள் ஐந்து பேர். ஒருத்தன் எழுந்து போய் லைட்டைப் போட்டான். யார் என்று கேட்காதீர்கள், அவன் இதே அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939-ல் எம்.ஜி.எம். எடுத்த 'விஸர்ட் ஆஃப் ஓஸ்' உங்களில் பலருக்குத் தெரியும். கான்ஸாஸ் என்ற வறண்ட ஊரில் டோரதி என்ற பெண். சூறாவளி அவளை வீட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஓஸ் என்ற மாய நாட்டில் போடுகிறது. பாட்டு, நடனம், சிவப்புக் காலணி, வானவில். ஜூடி கார்லண்ட் நடித்தபோது அவருக்கு 16 வயது.

1985-ம் வருடப் படம் அதற்குப் பிந்தைய கதை. சூறாவளி அடித்து ஆறு மாதம் ஆகிவிட்டது. 1899 அக்டோபர். உடைந்த வீட்டை இன்னும் கட்டி முடிக்கவில்லை. மாமாவுக்குக் காலில் அடி. பணக் கஷ்டம். டோரதிக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. ஓஸ் நாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அங்கிருந்து வந்தது என்று ஒரு சாவியைக் கொண்டுவந்து எம் அத்தையிடம் காட்டுகிறாள். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பழைய வீட்டுச் சாவிதான்" என்கிற மாதிரி சொல்லிவிடுகிறார். பிறகு கையில் இருக்கிற பணத்தைச் செலவழித்து, மின்சாரத்தால் மனக்கோளாறைக் குணப்படுத்தும் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போகிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த அத்தை கொடுமைக்காரி இல்லை. குழந்தை தூங்கவில்லையே என்று கவலைப்படுகிறவர். டாக்டரும் அதட்டுவதில்லை. தன் இயந்திரத்தைக் காட்டி, இதோ பார் கண், இதோ மூக்கு, இதோ வாய் என்று முகம் காட்டிச் சிரிக்கப் பேசுகிறார். எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். யாரும் நம்பத்தான் இல்லை. ராத்திரி அவளை ஸ்ட்ரெச்சரில் பட்டையால் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சக்கரம் கீச்சிடுகிறது. இடி விழுந்து கரண்ட் போய்விட, வேறொரு சிறுமி வந்து அவிழ்த்துவிடுகிறாள். ஓடி, ஆற்றில் விழுந்து, கண் விழித்தால் ஓஸ். ஆனால் பழைய ஓஸ் இல்லை. மஞ்சள் செங்கல் பாதை பெயர்ந்து கிடக்கிறது. மரகத நகரம் பாழ். நண்பர்கள் கல்லாகிவிட்டார்கள்.

இங்கே ஒரு வேலைப்பாடு இருக்கிறது. மருத்துவமனையில் பார்த்ததெல்லாம் ஓஸில் வேறு வடிவத்தில் திரும்பி வருகிறது. டாக்டராக நடித்த நிக்கல் வில்லியம்சன்தான் நோம் ராஜா. நர்ஸாக நடித்த ஜீன் மார்ஷ்தான் தலை மாற்றும் ராணி. கீச்சிட்ட ஸ்ட்ரெச்சர் சக்கரம் வீலர்களாகிறது. முகம் உள்ள இயந்திரம் டிக்-டாக் என்ற உருண்டையான செப்பு மனிதனாகி, அவளுக்குக் காவலாக நிற்கிறது. அறையில் பயமுறுத்திய சாமான்களையே எடுத்து அந்தக் குழந்தை ஒரு நாட்டைக் கட்டி, அவற்றை எதிர்த்து நின்று ஜெயிக்கிறாள். பத்து வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஃபைரூஸா பால்க் இந்தப் பாத்திரத்தைச் செய்தார். அழுது ஆர்ப்பாட்டம் செய்யாத முகம் அது.

எடுத்தவர் வால்டர் மர்ச். ஒலியமைப்பிலும் படத்தொகுப்பிலும் பெரிய பெயர். இயக்குநராக இதுதான் முதல் படம். டிஸ்னியில் இந்தப் படத்துக்குச் சரி சொன்ன நிர்வாகிகள், படம் முடிவதற்குள் மாறிவிட்டார்கள். இங்கிலாந்தில் படப்பிடிப்பு தொடங்கிச் சில வாரங்களில், வேலை தாமதமாகிறது என்று மர்ச்சை நீக்கியே விட்டார்கள். அவருடைய பழைய நண்பர் ஜார்ஜ் லூகாஸ் தலையிட்டு, ஏதாவது கோளாறானால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் திரும்ப வேலை கிடைத்தது. அப்படி முடித்த படத்துக்குத்தான் இந்த வரவேற்பு.

இப்போது விமர்சனத்துக்கு வருவோம். குற்றச்சாட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் மூன்றுதான். ஒன்று, பயங்கரமாக இருக்கிறது. இரண்டு, பாட்டும் கும்மாளமும் இல்லை. மூன்று, இது நாங்கள் அறிந்த ஓஸ் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் உண்மையில் ஒரே குற்றச்சாட்டு என்பது என் கருத்து. அதை விளக்க என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வால்வு ஸ்பிண்டில் 400 உருப்படி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தது. நம் மெட்ராலஜி லேபில் படித்த கர்வம். மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஒரு விட்டம் கூட சரியில்லை. மொத்த லாட்டுக்கும் சிவப்புச் சீட்டுக் கட்டிவிட்டேன். சாயங்காலம் ஃபோர்மேன் வந்தார். முப்பது வருட அனுபவம். கோபப்படவில்லை. "தம்பி, எந்த டிராயிங்கை வெச்சு அளந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். "ரெவிஷன் பி அண்ணே." "இப்ப ஓடறது ரெவிஷன் சி தம்பி." அவ்வளவுதான். என் அளவில் ஒரு மைக்ரான் தப்பில்லை. பழைய டிராயிங்கை வைத்து அளந்தேன், அதுதான் தப்பு.

1985-ல் அமெரிக்க விமர்சகர்கள் கையில் இருந்தது 1939-ம் வருட டிராயிங். அந்தப் பழைய படத்தின் கதையும் வேடிக்கையானது. சுமார் 28 லட்சம் டாலரில் எடுத்தது, முதல் வெளியீட்டில் எம்.ஜி.எம்.முக்கு நஷ்டம்தான். 1956-ல் தொலைக்காட்சியில் போட்டார்கள். 1959 முதல் வருடாவருடம் போட ஆரம்பித்தார்கள். நம்மூரில் பண்டிகைக்குப் பண்டிகை ஒரே படத்தைப் போடுவதுபோல. 1985-ல் 35 வயதான ஒரு விமர்சகரை எண்ணிக்கொள்ளுங்கள். 1959-ல் அவருக்கு ஒன்பது வயது. வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்த சந்தோஷமும் அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் புதுப் படத்துக்குள் தேடியது தன் சிறு வயதை. அது கிடைக்கவில்லை. சிவப்புச் சீட்டுக் கட்டிவிட்டார்.

மர்ச் வைத்திருந்தது வேறு டிராயிங். எல். ஃபிராங்க் பாம் என்பவர் எழுதிய ஓஸ் புத்தகங்கள் 14. முதல் புத்தகம் 1900-ல் வந்தது. மர்ச் எடுத்துக்கொண்டது 1904-ல் வந்த 'தி மார்வெலஸ் லேண்ட் ஆஃப் ஓஸ்', 1907-ல் வந்த 'ஓஸ்மா ஆஃப் ஓஸ்' இரண்டையும் கலந்து. வீலர்கள் பாம் எழுதியது. டிக்-டாக் பாம் எழுதியது. தலை மாற்றும் இளவரசியும் பாம் எழுதியதுதான். புத்தகத்தில் அவளிடம் 30 தலைகள், டோரதியின் தலையைப் பார்த்து, அதைக் கொடு, பதிலுக்கு என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று பேரம் பேசுகிறாள்! பாம் தன் முதல் புத்தகத்தின் முன்னுரையில், பழைய கதைகளில் வரும் திகிலையெல்லாம் விலக்கிவிட்டு எழுதுவதாகத்தான் சொன்னார். அதே புத்தகத்தில் தகர மனிதன் 40 ஓநாய்களின் தலையை வெட்டிக் குவிக்கிறான். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று. ஆனால் வாசித்த பிள்ளைகள் இன்னும் எழுது, இன்னும் எழுது என்று கடிதம் போட்டுக் கேட்டார்கள். 1939-ம் வருடப் படத்திலேயே சூனியக்காரி வரும் சில பகுதிகள் ரொம்பப் பயமாக இருக்கின்றன என்று வெளியீட்டுக்கு முன்பே வெட்டப்பட்டன.

அந்த மின்சார வைத்தியம் மட்டும் பாமின் புத்தகத்தில் இல்லை, மர்ச்சும் அவரோடு திரைக்கதை எழுதிய கில் டென்னிஸும் சேர்த்தது. பொறியியல் படித்தவர்கள் சந்தேகம் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன். இன்று மின்அதிர்ச்சி சிகிச்சை என்று நாம் சொல்வது 1938-ல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இருவர் தொடங்கியது. இப்போது மயக்க மருந்து கொடுத்து, முறையாகச் செய்யும் வைத்தியம் அது. படத்தில் வருவது அது இல்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மின்சாரம் புதுசு. உடம்பில் என்ன கோளாறு என்றாலும் மின்சார பெல்ட்டைக் கட்டு, பேட்டரியைத் தொடு என்று விற்ற காலம் உண்டு. அந்தக் காலத்து ஆசாமிதான் படத்து டாக்டர். நியூமரல்ஸ் மாறினால் என்ன, "புது மெஷின், எல்லாத்தையும் சரி பண்ணிடும்" என்ற பேச்சு நமக்கெல்லாம் பழக்கப்பட்டதுதானே!

இன்னொரு காரணத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம், 1984-ல், 'கிரெம்லின்ஸ்', 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாம் படம் ஆகியவற்றைக் குழந்தைகளோடு பார்த்த பெற்றோர் கொதித்துப்போனார்கள். அதன் விளைவாகத்தான் 'பி.ஜி.-13' என்ற புதிய தணிக்கைப் பிரிவே ஜூலை மாதம் வந்தது. 1985 கோடையில் டிஸ்னியின் இன்னொரு படமான 'தி பிளாக் கால்ட்ரன்' என்ற கார்ட்டூனும் முன்னோட்டக் காட்சியில் பிள்ளைகளைப் பயமுறுத்தியது என்று சுமார் 12 நிமிடம் வெட்டப்பட்டே வெளிவந்தது. ஆக, குழந்தையும் பயமும் என்றாலே ஊர் விழித்துக்கொண்டிருந்த நேரம். விமர்சகர்கள் பொறுப்பில்லாமல் எழுதினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பொறுப்போடுதான் எழுதினார்கள்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது டிக்-டாக். 1907-ல் எழுதப்பட்ட இயந்திர மனிதன். அதற்குச் சாவி கொடுக்க மூன்று இடங்கள்: யோசிக்க ஒன்று, பேச ஒன்று, இயங்க ஒன்று. தனித்தனியாகத் திருக வேண்டும். படத்துக்காக அந்தப் பொம்மைக்குள் ஒரு நடிகர் உடம்பை இரண்டாக மடித்து, தலையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். நினைத்தாலே முதுகு வலிக்கிறது. ஒரு கட்டத்தில் டிக்-டாக்கின் யோசனைச் சாவி ஓய்ந்துவிடுகிறது, பேச்சுச் சாவி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. உளறிக்கொட்டுகிறது. நான் பல மீட்டிங்குகளில் அந்தக் காட்சியை நினைத்துக்கொள்வதுண்டு. நானே டிக்-டாக்காக இருந்த மீட்டிங்குகளும் உண்டு.

சரி, முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பயங்கரமாக இருக்கிறது. இதற்கு பழைய டிராயிங் காரணம் இல்லை. படம் உண்மையிலேயே பயங்கரமாகத்தான் இருக்கிறது. லைட்டைப் போட்டவனே சாட்சி. கேள்வி, அது யாருக்கு, எவ்வளவு, அதை யார் அளப்பது என்பதுதான்.

இதற்கு ஒரு நல்ல சம்பவம் உண்டு. நீல் கெய்மன் 'கொரலைன்' என்ற குழந்தை நாவலை எழுதினார், 2002-ல் வந்தது. கண்ணுக்குப் பதில் பட்டன் தைத்த 'வேறு அம்மா' வரும் கதை. இது குழந்தைகளுக்கு ஆகாது என்று அவருடைய ஏஜென்ட்டுக்குத் தோன்றியது. கெய்மன், உங்கள் மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவள் பயந்தால் பெரியவர்கள் புத்தகமாகப் போடலாம் என்றார். மகள் முழுக்கக் கேட்டாள், பயமே இல்லை என்றாள். புத்தகம் குழந்தைகள் புத்தகமாக வந்தது. பல வருடம் கழித்து, வளர்ந்துவிட்ட அந்தப் பெண்ணைக் கெய்மன் சந்தித்தபோது உண்மை வந்தது. அவளுக்கு நடுங்கியிருக்கிறது. சொன்னால் வாசிப்பதை நிறுத்திவிடுவார்களே, அடுத்து என்ன ஆகிறது என்று தெரியாமல் போய்விடுமே என்று மறைத்துவிட்டாளாம்! இந்தக் கதையைக் கெய்மன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2009-ல் ஹென்றி செலிக் அதைப் படமாக எடுத்தார். விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, 12 கோடி டாலருக்கு மேல் வசூல். 2024-ல் மறுபடி வெளியிட்டபோதும் கூட்டம் வந்தது.

24 வருடத்தில் என்ன மாறியது? குழந்தைகள் மாறிவிட்டார்களா? என் கணிப்பு வேறு. 1985-ம் வருடப் படத்தை வீடியோ கேசட்டிலும் டி.வி.யிலும் பயந்து பயந்து பார்த்த பிள்ளைகள் வளர்ந்து, அவர்களே எழுதுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். இன்று 'ரிட்டர்ன் டு ஓஸ்' பற்றி அன்போடு பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். பயமாக இல்லை என்று அவர்கள் சொல்வதில்லை. பயந்தேன், ஆனால் அது என் படம் என்கிறார்கள். முதல் முறை தீர்ப்பு எழுதியபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தப் பெண்ணைப்போல் மறைத்திருக்கலாம், அது வேறு விஷயம்.

மர்ச் அதற்குப் பிறகு வேறொரு முழுநீளப் படத்தை இயக்கவே இல்லை. படத்தொகுப்புக்கே திரும்பினார். 'தி இங்லிஷ் பேஷன்ட்' படத்துக்காக 1997-ல் படத்தொகுப்பு, ஒலி என்று ஒரே இரவில் இரண்டு ஆஸ்கர் வாங்கினார். அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்று சொன்ன விஷயம்.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். போன வருடம் என் அம்மா காலமானார். பிறந்ததிலிருந்து பாட்டி பக்கத்தில் படுத்தே வளர்ந்த பிள்ளை. அதற்குப் பிறகு தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவாள். "அப்பா, பாட்டி ஹால்ல இருமுறாங்க" என்பாள். முதலில் சமாதானம் சொன்னோம். பிறகு பயந்தோம். டாக்டரிடம் அழைத்துப் போனோம். நல்ல மனிதர். எதற்கும் பார்த்துவிடலாம் என்று தலையில் வயர் ஒட்டி எடுக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். "ஒண்ணுமில்லம்மா, இது சும்மா படம் எடுக்கற மெஷின்தான்" என்று நானே அவளுக்குச் சிரித்துக்கொண்டே சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு வயர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நான் டாக்டரிடம் குரலைத் தாழ்த்தி, "ஸ்கூலுக்கு லீவு போடறதுக்குக் கதை விடறாளோன்னு தோணுது சார்" என்றேன். அவர், "அப்படி நினைக்காதீங்க" என்றார். ரிப்போர்ட் நார்மல். ஒரு மாதத்தில் பாட்டிப் பேச்சே நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்.

இந்தப் பேச்சுக்காகப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் உடனே 1985-ம் வருட விமர்சகராகிவிட்டேன். "இது சின்னப் பசங்க பாக்கற படம் இல்லம்மா, போய்ப் படு." "அந்தப் பொண்ணும் என்னை மாதிரி சின்னப் பொண்ணுதானே?" என்றாள். பதில் இல்லை. முழுக்கப் பார்த்தாள். தலை அலமாரி வந்தபோது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்றுவிட்டாள். என் மனைவி, "உங்க பேச்சுக்கு என் பொண்ணுதான் கெடைச்சாளா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். விமர்சகர்கள் அன்றிரவு முழுக்க ஜெயித்தார்கள்.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது மகள் ஆரம்பித்தாள். தலைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தின் முடிவைப் பற்றிக் கேட்டாள். டோரதி வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறாள். கண்ணாடியில் ஓஸ் நாட்டு இளவரசி தெரிகிறாள். டோரதி ஆசையாக "எம் அத்தை" என்று கூப்பிடுகிறாள். கண்ணாடிக்குள் இருப்பவள் உதட்டில் விரல் வைத்துச் சொல்லாதே என்று சைகை காட்டுகிறாள். அத்தை வந்து கேட்டால், டோரதி ஒன்றுமில்லை என்று மழுப்பிவிடுகிறாள். ஹாஸ்டலில் பார்த்தபோது அதை ஓர் அழகான முடிவு என்றுதான் நினைத்திருந்தேன்.

"அப்பா, அவ பொய் சொல்லவே இல்லையே. அப்புறம் ஏன் கடைசியில அத்தைகிட்ட சொல்லல?" என்றாள். நான் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்: "சொன்னா மறுபடியும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவாங்க, அதானே?"

இட்லி எனக்குத் தொண்டையில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டி இன்னும் இருமுறாங்களாம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "கதை விடறேன்னு சொல்ல மாட்டீங்கன்னா சொல்றேன்" என்றாள். திரை மெல்லிசு. அன்றைக்கு எல்லாம் கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் அவள் எனக்குச் சொன்னதை இந்த மேடையில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அரை மணி நேரம் பேசினாள், ஸ்கூல் பஸ் போய்விட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

படத்தைப் பார்த்துப் பெரியவர்கள் எல்லோரும் மெஷினையும் தலைகளையும்தான் எழுதினார்கள். நானும் இவ்வளவு நேரம் அதையேதான் பேசினேன். உண்மையைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை என்பதுதான் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் படத்தின் பயம். அதற்குச் சூனியக்காரி தேவையில்லை. அன்பான அப்பா போதும்.

இதனால் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளைக்கு ஆவது இன்னொரு பிள்ளைக்கு ஆகாது. காட்டினால் பக்கத்தில் உட்காருங்கள், பாத்ரூம் லைட்டைப் போட்டு வையுங்கள், மறுநாள் காலையில் நேரம் ஒதுக்குங்கள். தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்கள் கையிலும் சிவப்புச் சீட்டு இருக்கும். ஒரு உருப்படிக்கு, ஒரு மாணவனுக்கு, உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டப் போவீர்கள். கட்டுமுன் அந்த ஃபோர்மேன் கேட்ட கேள்வியை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, இது யாருக்காகச் செய்தார்களோ அந்த ஆளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். உடனே பதில் வராது. காத்திருங்கள்.

என் மகள் இந்தப் பேச்சை முன்பே வாசித்துவிட்டாள். தன்னைப் பற்றி வரும் பகுதிக்கு அனுமதி கொடுத்துவிட்டு, "இட்லி இல்லப்பா, அன்னிக்கு தோசை" என்று திருத்தம் சொன்னாள். நான் மாற்ற மறந்துவிட்டேன். இன்ஸ்பெக்‌ஷனில் நான் இன்னும் தேறவில்லை.